ப்ரெக்-க்ரெப்: ஒரு பெயருக்குள் ஒரு பேரேடு

பிஹெச்பியில் "ப்ரெக்-க்ரெப்" என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் ஒரு அர்ரேயையும் கொடுத்தால், பொருந்துகிற உறுப்புகளை மட்டும் சலித்துத் தரும். ஆயிரம் பில் எண்களில் "டிஎன்" என்று தொடங்குபவை மட்டும் வேண்டுமா? ஒரே வரி போதும்.

காமர்ஸ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இந்தப் பெயரே ஒரு பேரேடுதான். யாரிடம் என்ன கடன் வாங்கினோம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

முதல் வரவு 1951-ல். நரம்பு செல்களின் வலையைக் கணிதமாக விவரிக்க முயன்றார் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் க்ளீனி. அதில் பிறந்ததுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். எழுத்துகளைத் தேட அதைப் பயன்படுத்தும் வழியை 1968-ல் கட்டுரையாக எழுதியவர் கென் தாம்ப்ஸன். தான் எழுதிய எடிட்டர்களிலும் அதைச் சேர்த்தார்.

அடுத்தது "க்ரெப்". பெல் லேப்ஸில் இருந்த பிரையன் கெர்னிகன் சொல்லும் கதை இது. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88-ல் புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா, மேடிசனா என்று நீண்ட காலம் சர்ச்சை. சொற்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தார் லீ மக்மஹன். ஆனால் அவ்வளவு பெரிய ஃபைல் எடிட்டரின் மெமரியில் அடங்கவில்லை. தாம்ப்ஸன் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே இரவில் தனி புரோகிராமாகக் கொடுத்துவிட்டார். எடிட்டரில் ஜி என்றால் எல்லா வரிகளிலும், ஆர்இ என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன், பி என்றால் அச்சிடு. மூன்றையும் சேர்த்தால் க்ரெப்! 1973-ல் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது.

"ப்ரெக்"கின் முதலெழுத்து பெர்லுக்குச் சொந்தம். லேரி வால் 1987-ல் வெளியிட்ட பெர்ல் மொழி ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குப் புதுப்புது வசதிகள் சேர்த்தது. அதே வசதிகள் மற்ற புரோகிராம்களுக்கும் கிடைக்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஹேசல் 1997-ல் ஒரு லைப்ரரி எழுதினார். தன் எக்ஸிம் மெயில் மென்பொருளுக்காக எழுதியதை எல்லோருக்கும் இலவசமாக விட்டார். பிஹெச்பி அதைத்தான் எடுத்துக்கொண்டது. "எரெக்" என்ற பழைய வகை 2009-ல் ஓரங்கட்டப்பட்டு, 2015-ல் வந்த பிஹெச்பி 7-ல் முழுதாக நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய பழைய தளங்களையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று.

பேரேட்டில் வரவு மட்டும் இருக்குமா? பற்றும் உண்டு. தாம்ப்ஸனின் 1968 முறை எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே முன்னால் போகும். பெர்ல் வழி வந்தவை ஒரு வழியில் போய், பொருந்தாவிட்டால் திரும்பி வந்து அடுத்த வழியைப் பார்க்கும். அதனால் வசதிகள் கூடின. ஆனால் மோசமாக எழுதிய எக்ஸ்பிரஷன் லட்சக்கணக்கான தடவை திரும்பித் திரும்பி ஓடும். 2019 ஜூலை 2-ல் கிளவுட்ஃப்ளேர் சேர்த்த அப்படிப்பட்ட ஒரே ஒரு எக்ஸ்பிரஷனால், உலகம் முழுக்க எத்தனையோ தளங்கள் 27 நிமிடம் முடங்கின. ஓடிக்கொண்டிருந்தது ஹேசலின் லைப்ரரிதான். அதைக் குறை சொல்ல முடியாது, எழுதியதைத்தான் அது செய்தது. இந்த ஆபத்துக்காகவே பிஹெச்பியில் திரும்பிப் பார்ப்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வழக்கமாகப் பத்து லட்சம்.

இன்னொன்று. ப்ரெக்-க்ரெப் சலித்த பிறகும் உறுப்புகளின் பழைய சாவி எண்களை மாற்றுவதில்லை. புதிதாக இதைப் பயன்படுத்துபவர்கள் பூஜ்யத்திலிருந்து வரிசையாக இருக்கும் என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. எந்த வரியிலிருந்து வந்தது என்ற விவரம் அழியக் கூடாது என்பதுதானே ஆடிட்டிங்கின் முதல் பாடம்? க்ளீனி, தாம்ப்ஸன், வால், ஹேசல் நால்வரின் கணக்கையும் இந்தப் பெயர் அப்படித்தான் அழியாமல் வைத்திருக்கிறது.