எமி நோதரும் அடைக்கப்பட்ட கதவுகளும்

ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு, அது வழங்கிய பட்டங்களைக் கொண்டு மட்டுமன்றி, அது மறுத்த இடங்களைக் கொண்டும் எழுதப்படல் வேண்டும். ஜேர்மனியக் கணிதவியலாளர் எமி நோதரின் (1882 – 1935) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏர்லாங்கன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகளாயிருந்தும், 1900இல் விரிவுரைகளைச் செவிமடுக்கும் அனுமதி மட்டுமே அவருக்கு அங்கு கிட்டியது. பெண்களுக்கு இடமளிக்கப்பட்ட பின், 1904இல் மாணவியாகப் பதிவுபெற்று, 1907இற் கலாநிதிப் பட்டத் தேர்விற் சித்தியெய்தினார். ஆயினும் 1908 முதல் ஏழாண்டுகள் ஊதியமின்றியே அங்கு பணியாற்றினார்.

1915இல் ஹில்பேட்டும் கிளைனும் அவரைக் கொட்டிங்கனுக்கு அழைத்தனர். மெய்யியற் பீடத்தில் எதிர்ப்பெழுந்தமையால், அவர்தம் விரிவுரைகள் ஹில்பேட்டின் பெயரிலேயே அறிவிக்கப்பட்டன. எதிர்த்தோருள் வரலாற்றறிஞரும் மொழிநூலாரும் இருந்தனர் என்பது கலைப்பீடத்தாராகிய நாம் மறக்கலாகாத செய்தி. அந்நிலையிலேயே, 1918இல், இயற்கை விதிகளின் சமச்சீருக்கும் சக்திக் காப்பு முதலிய காப்பு விதிகளுக்கும் உள்ள தொடர்பை அவர் நிறுவினார். விரிவுரையாற்றும் உரிமை 1919இற் கிட்டியது. சிறு ஊதியமோ 1923இலேயே கிடைத்தது. இதற்கிடையில், 1921இல் வெளிவந்த அவரது கட்டுரை நவீன அட்சரகணிதத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

1933இல், யூதர் என்பதனால், நாசி அரசு அவரைப் பதவியினின்று நீக்கியது. அமெரிக்காவின் பிறின் மோர் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1935 ஏப்பிரலில் அந்நாட்டிலேயே அவர் காலமானார்.

முன்னர்ப் பால், பின்னர் இனம்: கதவடைத்த காரணம் மாறினும் விளைந்த இழப்பு ஒன்றே. நோதர், கூராண்ட் முதலியோரை வெளியேற்றிய கொட்டிங்கன், கணித உலகில் தான் வகித்த தலைமையையும் இழந்தது. அறிவை அளக்கும் கோல் அறிவாகவே இருத்தல் வேண்டும். அக்கோலை மாற்றும் பல்கலைக்கழகம் தன்னையே குறுக்கிக்கொள்கிறது.