தண்டவாளம் கொண்டுவந்த விடுதி

மான்செஸ்டர் நகர நடுவில் நிற்கும் மிட்லண்ட் ஹோட்டலைச் செல்வர்களின் ஆடம்பரமாகப் பார்ப்பது பாதி உண்மைதான். 1903-இல் அதைத் திறந்தது ஒரு ரயில்வே கம்பெனி. இடமோ சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே. தொழில் நிமித்தம் வருபவர் இறங்கியதும் பேச்சைத் தொடங்கலாம் என்பதே அந்த இடத்தின் மதிப்பு. 1904 மே 4 அன்று லண்டன் கார் வியாபாரி சார்லஸ் ரோல்ஸ், உள்ளூர்ப் பொறியாளர் ஹென்றி ராய்ஸை முதன்முதலாகச் சந்தித்தது இங்கேதான். கார் விற்பவரை அங்கே கொண்டுசேர்த்தது ரயில் என்பது வேடிக்கை! ரயிலுக்கு முன்பும் வியாபாரிகள் தங்கச் சத்திரங்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, ஆனால் அவற்றில் பல, களைத்த குதிரைகளை மாற்றிக்கொண்டு மேலே போவதற்கான இடைத்தங்கல்கள். மிட்லண்டிலோ, வந்த காரியமே விடுதிக்குள் நடந்தது. நிலையம் 1969-இல் மூடப்பட்டது. விடுதி இன்றும் இயங்குகிறது.