நெவா நதி முதல் வைக்கம் துறை வரை

மின்சாரத்தால் ஓடும் படகு என்றதும், அது நேற்று முளைத்த புதுமை என்றே நம்மில் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஜெர்மனியில் டெய்ம்லர் தமது பெட்ரோல் யந்திரத்தைப் படகில் பூட்டி ஓட்டியது 1886-இல். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்னரே மின்படகு நீரில் இறங்கிவிட்டது. மூத்த பிள்ளை பின்தங்கி நிற்க, இளைய பிள்ளை முந்திக்கொண்ட கதை இது. மூத்தது பின்தங்கியமைக்குக் காரணம் அதன் மோட்டார் அன்று. அந்த மோட்டாருக்கு இரை தேடுவதில் இருந்த தொல்லையே.

1838-ஆம் ஆண்டு, ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓடும் நெவா நதியிலே, மோரிட்ஸ் யாக்கோபி என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்த முதற்படகை ஓட்டிக் காட்டினார். ஜார் முதலாம் நிக்கலஸ் பொருளுதவி செய்திருந்தார். மோட்டார் சுழற்றிய துடுப்புச் சக்கரங்கள், பத்துப் பன்னிரண்டு பேரைச் சுமந்த படகை நகர்த்தின. ஆயினும் அதன் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைக்கூட எட்டவில்லை. படகில் அடுக்கியிருந்த நூற்றுக்கணக்கான மின்கலங்களோ, துத்தநாகத்தைத் தின்று தின்று மின்சாரத்தைக் கக்கின. நிலக்கரியை எரிப்பதைவிடத் துத்தநாகத்தைக் கரைப்பது பன்மடங்கு செலவு பிடிக்கும் என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. முயற்சி அத்துடன் ஓய்ந்தது.

1859-இல் பிரான்ஸ் தேசத்துப் பிளாந்தே என்பவர், தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றிக்கொள்ளக்கூடிய ஈய மின்கலத்தைக் கண்டார். 1881-இல் அதே நாட்டின் குஸ்தாவ் ட்ரூவே, பாரிஸ் நகரத்து சேன் நதியில் 5 மீட்டர் நீளமுள்ள சிறு மின்படகை ஓட்டினார். அவர் செய்த அருமை யாதெனில், மோட்டாரைச் சுக்கானோடு சேர்த்து, வேண்டும்போது கழற்றி எடுக்குமாறு அமைத்ததேயாம். இன்று நம் கடற்கரைகளில் மீனவர்கள் வள்ளத்தின் பின்புறம் மாட்டும் யந்திரத்துக்கு மூதாதை இதுவே!

பின்னர் மின்படகுக்குச் சிறிது காலம் நல்வாழ்வு கிட்டியது. 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிச் சென்றன. புகையில்லை, இரைச்சலில்லை, சீமாட்டிகளின் ஆடையில் கரி படிவதும் இல்லை. ஆனால் பெட்ரோல் வந்தது, கதை மாறிற்று. ஒரு கிலோ பெட்ரோல் தரும் வேலையை ஒரு கிலோ ஈய மின்கலத்தால் தரவே இயலாது. இடைவெளி பல பத்து மடங்கு. கனத்த ஈயத்தைச் சுமந்து சென்று, மாலையில் கரை திரும்பி மின்னேற்றக் காத்திருக்க யாருக்குப் பொறுமை உண்டு?

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர், வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகட்டைச் செய்தனர். 1975-இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ரீமன் என்பவர் அத்தகைய தகடுகளைச் சிறு படகில் பொருத்தி ஓட்டினார். 1996-இல் ஜப்பானியர் கெனிச்சி ஹோரி, தன்னந்தனியராகக் கதிரவப் படகிலேயே ஈக்வடாரிலிருந்து டோக்கியோ வரை பசிபிக் மாகடலைக் கடந்தார். 2012-இல் 'பிளானட் சோலார்' என்னும் படகு 584 நாட்களில் உலகை வலம் வந்து முடித்தது.

இவை வீரச் செயல்களே. எனினும் அன்றாடம் சந்தைக்கும் பள்ளிக்கும் போகும் மக்களுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். அதற்கு விடை காண ஒரு சிறு கணக்கு வேண்டும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. இன்றைய தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கையே பிடிக்கும். சிறு வள்ளத்தின் கூரையில் 2 சதுர மீட்டர் தகடு வைத்தால் 400 வாட். அரைக் குதிரைத் திறனே. நீரிலோ வேகத்தை இருமடங்காக்க ஆற்றல் எண்மடங்கு வேண்டும். ஆகவே கதிரவப் படகில் அவசரக்காரன் தோற்பான். நிதானமாகச் செல்பவனுக்கு அது தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்கை உணர்ந்து கட்டப்பட்டதே கேரளத்தின் 'ஆதித்யா'. கொச்சியில் நவால்ட் நிறுவனம் உருவாக்கிய இப்படகு, 2017 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வைக்கம் என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1924-இல் பெரியார் சிறை சென்ற ஊர் அது. 20 மீட்டர் நீளம், 75 பேருக்கு இருக்கை, கூரையில் 20 கிலோவாட் தகடுகள், இரு 20 கிலோவாட் மோட்டார்கள், லித்தியம் மின்கலம். இலேசான இரட்டை உடல் நீரை எளிதாகக் கிழிக்கிறது. துறைக்குத் துறை கால் மணிப் பயணம். வேகம் யாரும் கேட்பதில்லை. மழைநாளில் கரையிலிருந்து மின்னேற்றிக்கொள்ளலாம். டீசல் படகிலே எதிரில் இருப்பவரோடு உரக்கக் கத்திப் பேசியோர்க்கு, இதன் அமைதியின் அருமை தெரியும்.

மின்படகுகளுக்கென ட்ரூவேயின் பெயரால் ஓர் உலக விருது ஏற்படுத்தப்பட்டது. 2020-இல் பயணிகள் படகுப் பிரிவில் அது வேம்பநாட்டு ஆதித்யாவுக்கே கிடைத்தது.