பொய்யா ஆறு

எபிரேய வேதத்தில் வழங்கும் ‘ஏத்தான்’ என்னும் சொல்லுக்குக் கடினமானது, பாறை போன்றது என்பதே பொருள் என்றும், அதில் ஐயங்கொள்வோர் மூலபாஷையை அறியாதவர் என்றும் அண்மையில் ஒரு பேராசிரியர் பிரசங்கம் செய்யக் கேட்டேன். அவருக்கு முன் பேசிய அன்பர், நதியைக் குறிக்கும் ‘நஹர்’ என்ற எபிரேயச் சொல் நம்முடைய ‘நகர்’ என்னும் வினையே என்று கூறிக் கைதட்டலும் பெற்றார். அக்காடியம், உகரித், அரமேயம், அரபி ஆகிய இனமொழிகள் எல்லாவற்றிலும் அச்சொல் அப்பொருளிலேயே இருப்பதை அவர் அறியார். மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ நம் ‘தோகை’ என்று கால்டுவெல் எழுதிவைத்தாலும் வைத்தார், அதுமுதல் எருசலேமின் கற்களுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் தேடுவோர் பெருகிவிட்டனர். அது நிற்க. பேராசிரியர் கூற்று அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அதற்குப் பழைய பிரமாணங்கள் உண்டு. ஆயினும் அது பிழை என்றே நான் கருதுகிறேன்.

சொல் வருமிடம் உபாகமம் 21ஆம் அதிகாரம். ஒருவன் வெளியிலே கொலையுண்டு கிடக்க, கொன்றவன் இன்னான் என்று தெரியாதபோது, அண்மையிலுள்ள ஊர் எது என்று அளந்தறிந்து, அவ்வூர் மூப்பர் நுகத்தடி பூட்டாத கிடாரி ஒன்றை, உழுதலும் விதைத்தலும் இல்லாத ‘நஹல் ஏத்தான்’ ஒன்றுக்குக் கொண்டுபோய், அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தங்கள் கைகளைக் கழுவிக்கொண்டு, இந்த இரத்தத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லவேண்டும் என்பது விதி. நஹல் என்பது பள்ளத்தாக்கையும் குறிக்கும், அதனூடே ஓடும் ஆற்றையும் குறிக்கும். குழப்பமெல்லாம் இதிலிருந்தே பிறந்தது. ஏத்தான் என்ற அடை நிலத்துக்கோ நீருக்கோ என்பதே வழக்கு. யூதரின் பழைய சட்டத்தொகுப்பாகிய மிஷ்னாவின் ஸோத்தா என்னும் பிரிவு (9:5) கடினம் என்று பொருள் கூறிற்று. மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் அதற்குத் துணையாகப் பிலேயாம் கேனியரை நோக்கிச் சொன்ன வாக்கையும் (எண்ணாகமம் 24) மீகாவின் 6ஆம் அதிகாரத்தையும் காட்டிற்று. பழையது என்று உரைப்பாரும் அங்கே உளர்; அவர்களுக்கு எரேமியா 5 துணை. கிரேக்க மொழிபெயர்ப்பினர் கரடுமுரடான பள்ளம் என்றனர். வேத உரையாசிரியர் ராஷியும் (1040–1105) கடினம் என்றே வியாக்கியானம் செய்தார். இவர்கள் எல்லாரையும் விட்டு விலகி, வேகமாய்ப் பாயும் ஆறு என்று தம் சட்டநூலாகிய மிஷ்னே தோராவில் எழுதியவர் யூத ஞானி மைமோனிதிஸ். நான் அவர் பக்கம்.

ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் நீதிக்கு உவமையாக வருவது இதே நஹல் ஏத்தான். அங்கே தண்ணீர் புரண்டோடுவதை முன்னடியிலே வைத்துவிட்டுப் பின்னடியில் பாறையை வைத்தான் தீர்க்கதரிசி என்று கொள்வார் உளரோ? 74ஆம் சங்கீதத்தில் ஏத்தான் நதிகளைக் கடவுள் வற்றச்செய்ததாக வருகிறது. வற்றாதவை வற்றினால்தானே அது கடவுளின் வல்லமை ஆகும்? யாத்திராகமம் 14இல் விடியற்காலத்தில் கடல் தன் ஏத்தானுக்குத் திரும்பிற்று என்றிருப்பது இயல்பான ஓட்டத்துக்குத் திரும்பியதையன்றி வேறெதைக் குறிக்கும்? அரபியிலோ ‘வத்தன’ என்னும் இனச்சொல் நீர் இடையறாது ஓடுவதையே சுட்டுகிறது. இடையறாமை முதற்பொருள், அதிலிருந்து நிலைபேறும், நிலைபேற்றிலிருந்து வலிமையும் பழமையும் தோன்றின. பிலேயாமின் வாக்கிலும் எரேமியாவிலும் உள்ளவை இந்த வழிவந்த பொருள்கள். ஆறு நிலைபேற்றைத் தரும். பாறை ஓட்டத்தைத் தருவது எப்படி?

இச்சொல்லின் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் என் கட்சி இன்னும் வலுப்பெறும். மழைக்காலத்தில் பெருகி வேனிலில் மணலாய்க் கிடக்கும் ஆற்றுக்கு இன்றைய எபிரேயத்தில் ‘நஹல் அக்ஸாவ்’ என்று பெயர். ஆண்டு முழுதும் ஓடுவது நஹல் ஏத்தான். அக்ஸாவ் என்பது பொய் என்னும் பொருளுடைய வேரிற் பிறந்தது. எரேமியா தம் மனம் நொந்து கடவுளையே அத்தகைய பொய்நீரோ என்று வினவுகிறார் (15ஆம் அதிகாரம்); தம் நண்பரை வற்றிப்போகும் ஓடைக்கு ஒப்பிடுகிறார் யோபு (6ஆம் அதிகாரம்); அக்சீப் என்னும் ஊரின் பெயரை வைத்து மீகா செய்த சிலேடையும் இதுவே. மழை பொய்த்தது என்று இன்றும் பேசுகிற நமக்கு, வையையைப் பொய்யாதவள் என்று இளங்கோவடிகள் கூறியதை அறிந்த நமக்கு, இதற்கு உரை வேண்டியதில்லை. பொய்த்த ஆறும் பொய்யா ஆறும் என்ற இருமை அம்மொழியினுள்ளேயே நிற்கையில், நடுவே பாறை எங்கிருந்து வந்தது?

பொய்நீர் என்பது கவிதையோடு நின்றுவிடவுமில்லை. சிவந்த கிடாரியின் சாம்பலைக் கரைக்கும் சுத்திகரிப்புக்கு ‘மயிம் ஹயிம்’, அதாவது உயிருள்ள நீர், வேண்டும்; நாம் ஜீவநதி என்பதில் உள்ள ஜீவனே அது. எது உயிருள்ள நீர் என்று மிஷ்னாவின் பாரா என்னும் பிரிவு (8:9) ஆராய்கிறது. ஏழாண்டு வட்டத்தில் ஒருமுறை வற்றினாலும் அந்த நீர் பொய்நீர், உதவாது. போராலோ பஞ்சத்தாலோ வற்றியிருந்தால் உதவும் என்கின்றனர் பெரும்பாலோர். அப்போதும் உதவாது என்கிறார் யூதா என்னும் ரபி. அடுத்த விதியில் யோர்தான் நீரும் யர்முக் நீரும் தள்ளப்படுகின்றன. அவை பல நீர் கலந்தவையாம். ஊற்றிலிருந்து ஓட்டம்வரை ஓர் ஆற்றின் சரித்திரத்தை இத்துணை நுணுக்கமாக விசாரித்த ஒரு கூட்டம், நஹல் ஏத்தானை நீரில்லாத பள்ளமாகக் கண்டது என்பது வியப்பு.

மறுப்பாளரின் வலிமையான வாதம் ராம்பான் எனப்படும் நாக்மனிதிஸிடம் இருக்கிறது. மைமோனிதிஸ் தம் ‘குழம்பியோருக்கு வழிகாட்டி’யில் (3:40) இச்சடங்குக்குக் காரணம் கூறுகையில், கிடாரி விழுந்த நிலம் என்றென்றைக்கும் உழவும் விதைக்கவும் கூடாததாகிவிடுமாதலால், நிலத்துக்கு உடையவன் தன் நிலத்தைக் காத்துக்கொள்ளும்பொருட்டு எப்பாடுபட்டேனும் கொலைஞனைக் கண்டுபிடிக்க முயல்வான் என்றார். அப்படியாயின் நல்ல வயலை அன்றோ தேர்ந்திருக்கவேண்டும், நஹல் ஏத்தான் எதற்கு என்று கேட்டார் நாக்மனிதிஸ். கேள்வி கூர்மையானதே, ஆனால் ஏத்தான் பாறை என்று முன்பே முடிவுசெய்துகொண்டு கேட்ட கேள்வி அது. வற்றாத ஆற்றின் கரையைவிட நல்ல வயல் கானான் தேசத்தில் வேறெது? மைமோனிதிஸின் காரணமும் அவர் கொண்ட பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆற்றங்கரையில் ஒரு நிலம் மனிதன் கலப்பைக்கு என்றென்றைக்கும் விலக்கப்பட்டது என்பதை இக்காலத்து யூத அறிஞரும் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை. இயற்கையைக் காப்பது யூத தர்மம் என்று நாட்ட வருவோர் ‘பால் தஷ்ஹீத்’, அழிக்காதே, என்னும் விதியையே முதலில் சொல்வர். அதற்கு உபாகமம் 20இல் உள்ள கனிமரங்களைக் காட்டி அமைவர். அதே மைமோனிதிஸ், அரசர்களைப் பற்றிய விதிகளில் (6:8), மரத்தை வெட்டலாகாது என்றதோடு நில்லாமல், அது உலரும்படி வாய்க்கால் நீரைத் தடுத்தலும் ஆகாது என்றார். இரண்டு விதி தாண்டி, பாத்திரத்தை உடைப்பவனோடும் ஆடையைக் கிழிப்பவனோடும் ஊற்றுக்கண்ணை அடைப்பவனையும் ஒருசேர நிறுத்தினார். மரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஊற்றை மறந்துவிடுகின்றனர்.

மறந்ததன் பயனை யார்க்கோன் ஆற்றில் காணலாம். ரோஷ் ஹாயின் ஊற்றுகளிற் பிறந்து தெல் அவீவில் கடலில் விழும் இவ்வாறு ஓர் உண்மையான ஏத்தான். 1955இல் அதன் நீரைக் குழாய்வழியே தெற்கே நெகேவ் வறண்ட நிலத்துக்குத் திருப்பினர். ஓட்டம் குன்றிய ஆற்றில் கழிவுநீர் வந்து நிறைந்தது. பாலைவனத்தை வயலாக்கும் ஆவல் குற்றமன்று. ஆனால் பொய்யா ஆற்றை மனிதர் கூடிப் பொய்க்கச்செய்தது அது. 1988இல் அந்த ஆற்றைச் சீர்ப்படுத்தவென்றே ஓர் ஆணையம் அமைத்தனர். 1997இல் மக்கபியா விளையாட்டு விழாவின் தொடக்க நாளில் நடைப்பாலம் முறிந்து ஆஸ்திரேலிய வீரர்கள் ஆற்றில் விழுந்தபோது இறந்தவர் நால்வர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வீழ்ச்சியன்று, அந்நீரின் நஞ்சு. உபாகமத்து மூப்பர் அன்று அக்கரைக்கு வந்திருந்தால் கைகழுவ நீர் தேடியிருப்பர். அதன்பின் வேலை விரைந்தது. இன்று யார்க்கோன் எவ்வளவோ தேறியிருக்கிறது.

இனி ஒரே ஒரு பிரமாணம். 1 இராஜாக்கள் 8இல் ஏழாம் மாதத்துக்கு ஏத்தானீம் என்று பெயர். ஆபிரகாம் முதலிய வலியோர் பிறந்த மாதமாதலால் அப்பெயர் பெற்றது என்கிறது தல்மூத். பக்தி விசேஷமே தவிர இது சொல்லாராய்ச்சி ஆகாது. அத்தேசத்தில் வைகாசி முதல் புரட்டாசி வரை மழை இல்லை. ஏழாம் மாதத்தில் மற்ற ஓடைகளெல்லாம் வறண்டு கிடக்க, ஏத்தான்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். அம்மாதத்துக் கூடாரப் பண்டிகையில்தான் சீலோவாம் ஊற்றிலிருந்து நீர் மொண்டு ஆலயத்துப் பலிபீடத்தில் வார்த்தனர். வரும் ஆண்டின் நீர் அப்பண்டிகையில் தீர்க்கப்படுகிறது என்பது மிஷ்னாவின் கொள்கை. இதே மாதப்பெயர் சைப்பிரஸ் தீவில் கித்தியோன் நகரத்துப் பினீசியக் கல்வெட்டிலும் காணப்படுகிறது. பினீசியருக்கு ஆபிரகாம் ஏது? அவர்களுக்கும் யூதருக்கும் பொதுவாய் இருந்தது கோடையும் வற்றாத ஆறுமே. ஏத்தான் என்றால் ஓயாது ஓடும் நீர். பேராசிரியர் தம் பாறையை வேறெங்கேனும் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும்.