நான்கு குமிழ்களும் வலக்கோடியில்

கிதார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் 'பாஸ் எச்எம்-2' என்று சொல்லிப் பாருங்கள். ஒருவருக்கு முகம் மலரும். இன்னொருவர் காதைப் பொத்திக்கொள்வார். மூன்றாமவர் அதை வாங்கி இரண்டே மாதத்தில் விற்றுத் தலைமுழுகிய கதையைச் சொல்வார். நாலாமவர் விற்றதை அதைவிடக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருப்பார். சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்பு உலோகப் பெட்டி, மேலே ஆரஞ்சு நிற எழுத்துகள், நான்கு குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு பலகை. இவ்வளவுதான் அந்தப் பெடல். நான் வசிக்கும் ஸ்டாக்ஹோம் நகரத்தின் ஒரு தலைமுறை இளைஞர்களுடைய வரலாறு அதற்குள் இருக்கிறது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

கிதார் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். மின்கிதாரின் தந்தி அதிரும்போது பிறக்கும் மின்னலை மேடும் பள்ளமுமாக வளைந்து செல்வது. அதை அளவுக்கு மீறிப் பெருக்கினால் கருவியால் தாங்க முடியாமல் மேடுகளின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் முளைக்கின்றன. காதுக்கு அது கரகரப்பாக, தடிப்பாக, கோபமாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் பல ஆண்டுகள் பழுதென்று கருதித் தவிர்க்கப் பார்த்த இந்த டிஸ்டார்ஷனை, ராக் இசைக்காரர்கள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். அதற்காகவே செய்யப்பட்டவை டிஸ்டார்ஷன் பெடல்கள்.

ரோலண்ட் நிறுவனத்தை இக்குதாரோ ககேஹாஷி 1972இல் ஒசாகாவில் தொடங்கினார். அதன் கிளைதான் பாஸ். இன்று உலகெங்கும் கிதார்க்காரர்களின் காலடியில் கிடக்கும் அந்தச் சிறிய பெட்டி வடிவம் 1977இல் வந்தது. மறு ஆண்டு ஆரஞ்சு நிற டிஎஸ்-1 வந்தது. 1983இல் எச்எம்-2. எச்எம் என்றால் ஹெவி மெட்டல். ஒளிவுமறைவில்லாத பெயர். ஹெவி மெட்டல் அப்போது பெரிய அலையாக எழுந்து கொண்டிருந்தது. மேடைகளில் மார்ஷல் ஆம்ப்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்து வாசித்தார்கள். அந்த அடுக்கை வாங்கப் பணமோ, வீட்டில் வைக்க இடமோ, வைத்தால் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமோ இல்லாத பதினைந்து வயதுப் பையனுக்கு, அதே ஒலியைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கித் தருவோம் என்பதுதான் எச்எம்-2 தந்த வாக்குறுதி.

வாக்குறுதி நிறைவேறியதா என்றால், என் காதுக்கு இல்லை. மார்ஷல் அடுக்கின் நகலாக அது தேறவே இல்லை. காரணம் அதன் நடுவில் இருந்த இரண்டு குமிழ்கள். 'கலர் மிக்ஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒன்று தாழ்ந்த ஒலிக்கு, மற்றது உயர்ந்த ஒலிக்கு. வழக்கமான பெடல்களில் டோன் குமிழ் ஒலியை லேசாக மங்கவோ பளிச்சிடவோ செய்யும், அவ்வளவுதான். எச்எம்-2இல் இவை இரண்டும் குறிப்பிட்ட அலைவரிசைகளைப் பிடித்து மூர்க்கமாக உயர்த்துகின்றன. உயர்ந்த ஒலிக்கான குமிழ் என்று பெயர் இருந்தாலும் அது உண்மையில் தூக்குவது 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குமிழை முழுக்கத் திருப்பினால் மூக்கால் பேசுவதுபோல ஒரு முரட்டு ஒலி வரும். கிதார் என்று சொன்னால்தான் கிதார் என்று தெரியும்.

ஆனால் எல்லோருக்கும் அது முரட்டுப் பெட்டியாக இருக்கவில்லை. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 1980களின் நடுப்பகுதியில் இதே எச்எம்-2ஐப் பயன்படுத்தினார். பாடுவதுபோல நீண்டு ஒலிக்கும் தனிவாசிப்புக்குப் பெயர்போனவர் அவர். இன்று எச்எம்-2 என்றால் இயந்திர ரம்பம் மட்டுமே என்று நினைக்கும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

1980களின் பிற்பகுதியில் ரசனை வேறு பக்கம் போயிற்று. அமெரிக்க த்ராஷ் குழுக்களின் செல்வாக்கில், நடு ஒலியைக் குடைந்தெடுத்துவிட்டு அடியையும் மேலையும் மட்டும் வைத்துக்கொள்வது மோஸ்தரானது. எச்எம்-2 செய்ததோ நேர் எதிரான வேலை. பழைய பொருள் கடைகளில் அது மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. உற்பத்தி ஜப்பானிலிருந்து தைவானுக்கு மாறி, 1991இல் நின்றே போனது. அதே ஆண்டு வந்த மெட்டல் ஸோன் பெடலை நிறுவனம் முன்னுக்குத் தள்ளியது.

நிறுவனத்தின் கணக்கில் கதை அங்கே முடிகிறது. ஸ்டாக்ஹோமில் அது அதற்கு முன்பே வேறு விதமாகத் தொடங்கிவிட்டிருந்தது.

1987இல் இங்கே சில பள்ளிப் பையன்கள் நிஹிலிஸ்ட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அப்போதுதான் உருவாகிக் கொண்டிருந்த டெத் மெட்டலை, அஞ்சலில் வரும் கேசட்டுகள் வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் குழுவில் கிதார் வாசித்த லெய்ஃப் கஸ்னர் தன் எச்எம்-2இன் நான்கு குமிழ்களையும் வலக்கோடிக்குத் திருப்பிவிட்டு, ஒரு சிறிய பயிற்சி ஆம்ப் வழியாக வாசித்தார் என்பது அவருடைய சகாக்கள் பின்னாளில் பலமுறை சொன்ன செய்தி. ஒலியளவு, அடி, மேல், டிஸ்டார்ஷன், நான்கும் முழுசாக. பெடலை வடிவமைத்த பொறியாளர்கள் இப்படி ஒரு பயன்பாட்டை மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து சொல்லலாம். தந்திகளையும் வழக்கத்தைவிடப் பல படிகள் கீழே தளர்த்தியிருந்தார்கள். கனத்த, தளர்ந்த தந்திகளின் அதிர்வு அந்த நடு ஒலி முரட்டுத்தனத்தோடு சேர்ந்தபோது, காட்டில் மரம் அறுக்கும் ஓசை இசையாக மாறியது.

கஸ்னர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். ஒலி இங்கேயே தங்கிவிட்டது. நிஹிலிஸ்ட் 1989இல் கலைந்து, பெரும்பாலும் அதே ஆட்களோடு என்டூம்ப்ட் என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. தோமாஸ் ஸ்கூக்ஸ்பெர்க் நடத்திய சன்லைட் ஸ்டூடியோவில் அவர்கள் பதிவுசெய்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990இல் இங்கிலாந்தின் இயரேக் நிறுவனம் வழியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிஸ்மெம்பர் குழுவின் முதல் ஆல்பமும் அதே ஸ்டூடியோவிலிருந்து, அதே ரம்ப ஒலியோடு வந்தது. ஃபுளோரிடாவின் டெத் மெட்டல் கூர்மையாக, துல்லியமாக, தசைப்பிடிப்பாக இருந்தது. ஸ்டாக்ஹோமுடையது சேறும் சகதியுமாக, ஆனால் விசித்திரமான ஒரு ராகத்தன்மையோடு இருந்தது. இரண்டு நொடி கேட்டாலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஓர் ஊருக்கு இப்படித் தனிக்குரல் அமைவது அபூர்வம். அதிலும் இந்தக் குரலில் பெரும்பங்கு, கடைகளில் சீந்துவாரற்றுக் கிடந்த ஒரு பெட்டியுடையது.

பெடல் மட்டும் போதுமா? மலிவான பெடல் எல்லா நாட்டிலும் கிடைத்ததே. இங்கேதான் எனக்கு இந்த வரலாற்றின் சுவையான பகுதி இருக்கிறது. ஸ்வீடனில் நகராட்சிகள் இசைப்பள்ளிகளை நடத்தின. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வாத்தியம் பழக அவை வழிசெய்தன. அதைவிட முக்கியம், கல்விக் கழகங்கள். தொழிலாளர் இயக்கத்தோடு பிறந்த ஏபிஎஃப் என்ற கழகம் 1912இலேயே தொடங்கியது. அதுபோல வேறு சிலவும் உண்டு. வளர்ந்தவர்கள் கூடிப் படிப்பதற்கு அரசு மானியம் தரும் 'படிப்பு வட்டம்' என்ற ஏற்பாட்டை இவை நடத்தின. 1970களிலிருந்து ராக் குழுக்களும் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்துகொண்டன. நாலு பையன்கள் சேர்ந்து கழகத்தில் பதிந்துகொண்டால் ஒத்திகை அறை கிடைக்கும், சில நேரம் கருவிகளும் கிடைக்கும். பதிலுக்கு ஒருவர் வட்டத்தலைவராக இருந்து, யார் யார் எத்தனை மணி நேரம் வந்தார்கள் என்று வருகைப்பட்டியல் நிரப்பித் தர வேண்டும்.

பிணங்களையும் சவப்பெட்டிகளையும் பற்றி உறுமிக்கொண்டிருந்த இசை, மாலை ஏழு முதல் ஒன்பது வரை வருகைப்பட்டியலில் கையெழுத்திட்டு வளர்ந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கேலியாகச் சொல்லவில்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று இங்கே இப்போது அடிக்கடி விவாதம் நடக்கிறது. கல்விக் கழகங்களுக்கான மானியத்தை அரசு குறைத்துக்கொண்டு வருகிறது. பொய்யான வருகைக் கணக்குகள் பிடிபட்டதும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. முறைகேட்டைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறைகள் மூடப்பட்டால், அடுத்த நிஹிலிஸ்ட் எந்த நிலவறையில் கூடும் என்ற கேள்விக்கு அமைச்சர்களின் பேச்சில் பதிலைக் காணோம்.

தயாரித்தவரின் நோக்கம் தோற்று, வாங்கியவரின் கையில் வேறொன்றாக எழுந்த கதை ரோலண்ட் குடும்பத்துக்குப் புதிதல்ல. 1981இல் வந்த டிபி-303 என்ற சின்ன இயந்திரம், தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்க்காரருக்குப் பேஸ் வாசிப்பாளர் போலத் துணை நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஏறத்தாழ 10,000 செய்ததோடு 1984இல் நிறுத்தினார்கள். 1987இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு ஒரு பழைய 303இன் குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகி வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' ஒரு புதிய நடன இசையையே தொடங்கிவைத்தது. டிஆர்-808 தாள இயந்திரமும் அப்படித்தான். நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று குறை சொல்லப்பட்ட அதன் ஒலிதான் பிறகு ஹிப்ஹாப்பின் அஸ்திவாரம் ஆனது. சிகாகோவின் கறுப்பின இளைஞர்களையும் ஸ்டாக்ஹோம் புறநகர்ப் பையன்களையும் இணைக்கும் சரடு ஒன்றுதான்: இரண்டாம் கை விலை.

அந்தச் சரடு இப்போது அறுந்துவிட்டது. 2000களின் பிற்பகுதியில் அமெரிக்க ஹார்ட்கோர் குழுக்கள் எச்எம்-2ஐத் தேடிப் பிடித்தன. கன்வெர்ஜ் குழுவின் கர்ட் பலூ தன் காட்சிட்டி ஸ்டூடியோவில் பல குழுக்களுக்கு அந்த ஒலியைப் பதிவுசெய்து கொடுத்தார். சிறு தயாரிப்பாளர்கள் அதன் மின்சுற்றை வைத்து விதவிதமான நகல்கள் செய்தார்கள். பழைய அசலின் விலை ஏறியது. ஜப்பானில் செய்தது என்று அடியில் இருந்தால் தைவானுடையதைவிட இன்னும் அதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துக் கேட்டிருக்கிறேன். அந்த விலை வித்தியாசம் காதுக்காகக் கொடுப்பதல்ல, ஒட்டுச்சீட்டுக்காகக் கொடுப்பது என்பது என் கட்சி.

வாங்கியவர்களில் பாதிப்பேர் ஏன் ஏமாந்து போகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் சில உண்டு. முதலாவது, வெறும் மின்சாரம். எச்எம்-2 செய்யப்பட்ட காலத்தில் பாஸ் பெடல்களுக்கு ஏசிஏ என்ற பழைய வகை அடாப்டர். அது 9 வோல்ட்டைவிடக் கூடுதலாகவே தரும் என்பதால், பெடலுக்குள்ளேயே அதைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இன்றைய ஒழுங்கான 9 வோல்ட் அடாப்டரை அதில் செருகினால், அந்த ஏற்பாடு 9ஐயும் குறைத்துவிடும். விளக்கு மங்கும், ஒலி சோனியாகும். 'இதற்கா இவ்வளவு விலை' என்று திட்டிவிட்டு விற்றுவிடுகிறார்கள். ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பிரச்சினையே இருந்திருக்காது, ஏனென்றால் பேட்டரியின் பாதை அந்த ஏற்பாட்டைத் தொடுவதில்லை.

இரண்டாவது, இடம். நான் பழையதாக வாங்கியதில், முந்தைய சொந்தக்காரர் நான்கு குமிழ்களும் நகராதபடி வலக்கோடியில் வைத்துத் துணிநாடா ஒட்டியிருந்தார். அதை அப்படியே அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத ஒலியளவில் மீட்டினால், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போலத்தான் இருக்கிறது. அதே பெட்டியை, அதே நாடாவோடு, டிரம்ஸும் பேஸும் முழங்கும் நிலவறைக்குக் கொண்டுபோனபோது கதை மாறியது. வீட்டில் காதைக் குத்திய அந்த நடு ஒலிதான், அங்கே சிம்பலுக்கும் பேஸுக்கும் இடையிலிருந்த காலி இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. தனியாகக் கேட்பதற்கான ஒலியே அல்ல அது. கூட்டத்துக்கு நடுவில் கேட்பதற்கானது. வீட்டில் ஹெட்ஃபோனில் சோதித்துவிட்டு இதற்குத் தீர்ப்பெழுதுபவர்களின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, தந்தி. சாதாரணச் சுருதியில் வைத்து வாசித்துவிட்டு, ஆல்பத்தில் கேட்டது வரவில்லையே என்பவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2021இல் பாஸ் நிறுவனமே எச்எம்-2டபிள்யூ என்ற பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. முப்பது ஆண்டுக்கு முன் கைவிட்ட பெட்டியை, தன் உயர்தர 'வாஸா கிராஃப்ட்' வரிசையில் சேர்த்து, ஜப்பானிலேயே செய்து விற்கிறது. என்டூம்ப்டின் முதல் ஆல்பத்தில் பாடிய லார்ஸ்-யோரான் பெட்ரோவ் அதே ஆண்டு மார்ச்சில் இறந்துபோனார். புதிய பெட்டியில் இரண்டு நிலைகள்: ஒன்று பழைய ஒலி, இன்னொன்று சற்றே திருத்தியது. அடாப்டர் தொல்லையும் இல்லை. எங்கள் ஒத்திகை அறைக்கு அடுத்த அறையில் வாசிக்கும் குழுவில் ஒரு பெண் அதை வைத்திருக்கிறாள். பத்தொன்பது வயது இருக்கும். குமிழ்களில் இரண்டைப் பாதிக்கு மேல் திருப்புவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். முழுக்க வைத்தால் அப்பா காலத்துப் பாட்டு மாதிரி இருக்கிறது என்றாள்.