ரோம்மலின் கழுத்துச் சிலுவை

1940 மே 16, நிலா காய்ந்த இரவு. பெல்ஜியத்தைத் தாண்டி பிரான்சுக்குள் புகுந்த ஜெர்மனியின் ஏழாவது பான்சர் டிவிஷன், எல்லையோரக் காப்பரண்களை உடைத்துக்கொண்டு அவேன் நகரை நோக்கி ஓடியது. டாங்கிகள் எங்கும் நிற்கவில்லை. ஓடியபடியே சாலையின் இருபுறமும் சுட்டன. அவற்றில் கணிசமானவை செக்கோஸ்லோவாகியாவை விழுங்கியபோது ஜெர்மனிக்குக் கிடைத்த செக் தயாரிப்புகள். சாலையோரம் வரிசையாக நின்றிருந்த பிரெஞ்சு ராணுவ வண்டிகளுக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

முன்னே சென்ற ஒரு கட்டளை டாங்கியில் இருவர் இருந்தார்கள். ஒருவர் 25ஆம் பான்சர் ரெஜிமென்ட்டின் தலைவர், கர்னல் ரோத்தன்பர்க். மற்றவர் டிவிஷன் தளபதி எர்வின் ரோம்மல். காலாட்படையில் வளர்ந்த ரோம்மல், டாங்கிப் படைப் பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஹிட்லரின் மெய்க்காவல் படைக்குத் தலைவர். பதவி எப்படி வந்தது என்று சக தளபதிகள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

விடிந்தபோது அவர்கள் லே கதோ நகரில் இருந்தார்கள். டிவிஷனின் பெரும்பகுதி எங்கோ பின்னால். தொடர்பும் அறுந்துபோயிருந்தது. எதிரி சுதாரித்திருந்தால் ரோம்மலே கைதியாகியிருக்கலாம். ஆனால் சரணடைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஆயிரக்கணக்கில். வென்றதால் அது துணிச்சல் ஆயிற்று. தோற்றிருந்தால் ராணுவ விசாரணைதான்.

பத்து நாளில் பரிசு வந்தது: இரும்புச் சிலுவை வரிசையில் 1939 செப்டம்பர் 1 அன்று ஹிட்லர் புதிதாகச் சேர்த்த நைட்ஸ் கிராஸ். நெஞ்சில் குத்துவதல்ல, நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிவது.  அதை ஹிட்லர் பெயரால் ரோம்மலுக்கு அணிவித்தவர் அவருக்குக் கீழே பணியாற்றிய லெப்டினன்ட் கார்ல் ஹாங்கே. சீருடையைக் கழற்றினால் கோயபல்ஸின் பிரசார அமைச்சகத்தில் செயலாளர்! வெற்றி யாருடைய சரக்காக விற்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மறு ஆண்டு வெளியான ‘மேற்கில் வெற்றி’ என்ற பிரசாரப் படத்துக்காக, தன் படை ஓர் ஆற்றைக் கடந்த காட்சிகளை மறுபடி நடத்திக் காட்டவும் ரோம்மல் தயங்கவில்லை.

பதக்க விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1917 அக்டோபரில் இத்தாலியப் போர்முனையில் மட்டயூர் மலையைப் பிடிப்பவருக்கு ‘பூர் லெ மெரித்’ என்ற உயர் விருது என்று அறிவித்தார்கள். உச்சியை எட்டியவர் ரோம்மல். விருதோ வேறொரு சிகரத்தைப் பிடித்த லெப்டினன்ட் ஷ்னீபருக்குப் போனது. ரோம்மல் விடவில்லை. முறையிட்டு, டிசம்பரில் தனக்கும் வாங்கினார்.

அப்படிப்பட்டவர் கையில் பரிந்துரைக்கும் அதிகாரம் வந்தபோது அதன் கூர்மை அவருக்குத் தெரிந்திருந்தது. ஹாங்கேயின் பெயரையும் நைட்ஸ் கிராஸுக்கு எழுதி அனுப்பினார். பிறகு ஹாங்கே, அமைச்சகப் பதவியைக் கணக்கிட்டால் தானே ரோம்மலைவிடப் பெரியவன் என்று பேசிவைத்தார். உடனே ஆளனுப்பி அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார் தளபதி.

ரோத்தன்பர்க்குக்கு நைட்ஸ் கிராஸ் 1940 ஜூன் 3 அன்று கிடைத்தது. ஓராண்டு கழித்து, ரஷ்யா மீதான படையெடுப்பின் முதல் நாட்களில், மின்ஸ்க் அருகே அவர் கொல்லப்பட்டார். ஹாங்கே 1941இல் கீழ் சைலீசியா மாநிலக் கட்சித் தலைவராகப் போனார், கழுத்தில் சிலுவை இல்லாமலே.