குன்றிமணி, கிரெயின், படிக்கல்: இரு தராசுகளின் வரலாறு

அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் குறிசுடும் போட்டியாளரும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சேகரித்து, வெடிமருந்தைத் தாமே நிறுத்து நிரப்பிக்கொள்வது நெடுநாள் வழக்கம். மருந்தை நிறுக்கக் கோல்தராசு ஏற்றதா, மின்னணுத் தராசு ஏற்றதா என்பது அவர்களிடையே ஓயாத வாதம். இது வெறும் விருப்பு வெறுப்புப் பற்றியதன்று. மருந்து அளவுக்கு மிஞ்சினால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். அளவியலின் மிகப் பழைய வினா ஒன்றும் இவ்வாதத்தினுள் உறைந்துள்ளது: தராசு சொல்வதை நாம் எதை வைத்து நம்புகிறோம்?

அவர்கள் இன்றும் கையாளும் அலகு ‘கிரெயின்’. தானிய மணி என்பதே அதன் பொருள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம். இவ்வலகு நமக்கும் அந்நியமன்று. 1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அச்சிட்ட வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின். அதுவே ஒரு தோலா. தோலாவுக்கு 96 ரத்தி, அதாவது குன்றிமணி. எனவே ஒரு குன்றிமணி 1.875 கிரெயின் ஆகும். தோட்டா நிரப்புவோர் கருதும் நுண்மை 0.1 கிரெயின், குன்றிமணியில் ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒரு பங்கு.

இரு தராசுகளும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றினும் அவை விடையளிக்கும் வினாக்கள் வேறு. கோல்தராசு ‘இரண்டும் சமமா?’ என்று மட்டுமே கேட்கிறது. புவியீர்ப்பு இருபுறமும் ஒன்றே ஆதலால், நிலநடுக்கோட்டிலும் துருவத்திலும் அதன் விடை மாறாது. தமிழில் ‘நிறுத்தல்’ என்னும் சொல் எடை காண்பதையும் நிலைபெறச் செய்வதையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது. கோல் அசைவொழிந்து நிற்கும் நிலையே அங்கு விடை.

மின்னணுத் தராசு அளப்பது விசையை. பளு ஏறும்போது உலோகம் நுண்ணளவில் வளைய, அதில் ஒட்டிய மெல்லிழையின் மின்தடை மாறுகிறது. 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட உத்தி இது. ஈர்ப்பு மாறினால் இத்தராசின் எண்ணும் மாறும். 1672இல் பாரிசிலிருந்து கயேன் சென்ற ழான் ரிஷே, தம் ஊசல் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டதும் இதே காரணத்தால்தான். வெப்பநிலையும் காற்றோட்டமும்கூட அதன் சுழியை நகர்த்தும். ஆகவே நிற்கும் இடத்திலேயே அறிந்த எடைக்கல் ஒன்றால் அதற்கு அளவு கற்பிக்க வேண்டியுள்ளது.

கோல்தராசும் பிழைக்கு விலக்கன்று. கத்திமுனையில் தூசி படிந்தால் அது மந்தமாகும். நகர்குண்டு ஒரு பள்ளம் தள்ளி அமர்ந்தால், கோல் செவ்வனே சமநிலை காட்டியபடியே தவறான அளவைத் தரும். எனவே பட்டறிவு மிக்கோர் எத்தராசை வாங்கினாலும் சரிபார்ப்புக் கற்களைத் தனியே வைத்துக்கொள்கின்றனர்.

நம் மரபு இதனை முன்பே உணர்ந்திருந்தது. சிந்துவெளி நகரங்களில் கிடைத்த கனசதுரக் கற்கள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்கின்றன. நகரங்கள் தொலைவில் இருந்தும் கற்களின் அளவு பெரிதும் ஒத்திருக்கிறது. எடைக்கற்களை இரும்பாலோ, மகதம், மேகலம் ஆகிய நாடுகளின் கல்லாலோ, நீரால் கூடாமலும் வெப்பத்தால் குறையாமலும் இருக்கும் பொருளாலோ செய்ய வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அவற்றைச் சோதித்து முத்திரையிடவும் விதிக்கிறது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுத் தரச் சட்டம் தோலாவையும் சேரையும் விலக்கி மெட்ரிக் முறையைக் கொணர்ந்தபோதும், சோதித்து முத்திரையிடும் கடமை நீங்கவில்லை.

2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறையே பாரிசு அருகே காக்கப்பட்ட உலோக உருளையை விட்டு பிளாங்க் மாறிலிக்கு மாறிவிட்டது. ஆனால் ஒரு மேசையின் மேல் மருந்தை நிறுப்பவருக்கும், சந்தையில் விளைச்சலை நிறுத்து விற்கும் உழவருக்கும் நிலைமை மாறவில்லை. கோலின் சாய்வை எதிரில் நிற்பவரும் காணலாம். திரையில் ஒளிரும் எண்ணின் பின்னால் நிகழ்வதை எவரும் காண இயலாது. விரைவுக்கும் வாசிக்கும் எளிமைக்கும் மின்னணுத் தராசைத் தேர்வதில் பிழையில்லை. அதைச் சோதிக்கும் கல் நம் கையில் இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது.